கசப்பைப் பிரித்தெடுத்தவர்

வேப்பிலை அறியாத தமிழர் வீடு உண்டா? அம்மை கண்டால் வாசலில் கொத்தாகச் செருகுகிறோம். தோல் அரித்தால் மஞ்சளோடு அரைத்துப் பூசுகிறோம். மாரியம்மன் திருவிழா என்றால் சொல்லவே வேண்டாம். கிருமியைக் கொல்லும் என்று பாட்டி சொன்னால் தலையாட்டுகிறோம். ஆனால், கொல்வது அதிலுள்ள எந்தப் பொருள் என்று யாராவது கேட்டால் விழிக்கிறோம். அந்தக் கேள்வியோடு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தவர்தான் டாக்டர் சலீமுஸ்ஸமான் சித்திக்கி.

அவர் 1897 அக்டோபர் 19ஆம் தேதி, லக்னோவுக்கு அருகிலுள்ள பாராபங்கி மாவட்டத்தில் சுபேஹா என்ற ஊரில் பிறந்தார். அலிகாரில் அவர் படித்தது தத்துவமும் பாரசீக மொழியும். 1920இல் மருத்துவம் பயில லண்டன் போனார்; ஓராண்டிலேயே அதை விட்டுவிட்டு ஜெர்மனியின் பிராங்பர்ட் நகருக்குப் போய் வேதியியலில் சேர்ந்தார். படித்துக்கொண்டே ஓவியமும் வரைந்தார். 1924இல் அங்கே அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. எஸ்.பி.எம். முடித்துவிட்டு எந்தத் துறை என்று குழம்பும் மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். 1927இல் முனைவர் பட்டம் பெற்றார்.

டில்லியில் அப்போது ஹக்கீம் அஜ்மல் கான் என்ற புகழ்பெற்ற யுனானி மருத்துவர் இருந்தார். காங்கிரஸ் தலைவராகவும் இருந்தவர். தாம் நடத்திய ஆயுர்வேத, யுனானி மருத்துவக் கல்லூரியில் மூலிகைகளை அறிவியல் முறையில் சோதிக்க ஓர் ஆய்வு நிலையம் வேண்டும் என்று அவர் விரும்பினார். பரம்பரை வைத்தியர் ஒருவரே தம் மருந்துகளைச் சோதனைக்கு உட்படுத்தத் துணிந்தது பெரிய விஷயம். அந்தப் பொறுப்பு சித்திக்கியிடம் வந்தது. ஆனால் 1927 இறுதியில் அஜ்மல் கான் காலமானார். சர்ப்பகந்தி வேரிலிருந்து 1931இல் பிரித்தெடுத்த பொருளுக்குச் சித்திக்கி அவர் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார். மறைந்திருக்கும் ஒருவகை இதயத்துடிப்புக் கோளாற்றைக் கண்டறிய இன்றும் மருத்துவர்கள் அஜ்மலினைப் பயன்படுத்துகிறார்கள்.

1940இல் அறிவியல், தொழில் ஆய்வு மன்றத்துக்கு மாறினார். வேம்பின் முறை வந்தது அதன் பிறகுதான்.

வேப்பெண்ணெய் ஒரே பொருளல்ல. பல பொருள்களின் கலவை. உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது அல்லவா? அதுபோல ஒவ்வொரு கரைப்பானும் கலவையிலிருந்து தனக்குப் பிடித்ததை மட்டுமே இழுத்துக்கொள்ளும். சித்திக்கி ஈதர், பெட்ரோலியம் ஈதர், எத்தில் அசிட்டேட், நீர்த்த ஆல்கஹால் ஆகியவற்றைக் கொண்டு எண்ணெயின் கசப்புப் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்தார். மூன்று கிடைத்தன. வேம்பின் வடமொழிப் பெயரான நிம்பத்தை ஒட்டி நிம்பின், நிம்பினின், நிம்பிடின் என்று பெயரிட்டு, 1942இல் கரண்ட் சயன்ஸ் இதழில் வெளியிட்டார். மூன்றில் அதிக அளவில் கிடைத்தது நிம்பிடின். பாக்டீரியாவை எதிர்க்கும் ஆற்றலும் அதற்கு உண்டு என்று அறியப்பட்டது. பாட்டியின் சொல்லுக்கு வேதியியல் முகவரி கிடைத்துவிட்டது.

முகவரி கிடைத்ததில் என்ன பயன்? நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. சிறு உபாதைகளுக்காக வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, வலிப்பு, மயக்கத்தோடு மருத்துவமனைக்கு வந்ததை மலேசிய மருத்துவர்கள் 1981இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் போன்ற பாதிப்பு அது. பாட்டிமார் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. இலையைத் தோலில் பூசுவதும் எண்ணெயைச் சிசுவின் வாயில் ஊற்றுவதும் ஒன்றல்ல. எந்தப் பொருள், எவ்வளவு, யாருக்கு என்பது தெரியாதபோது கிருமிக்கு நஞ்சாவது குழந்தைக்கும் நஞ்சாகலாம். இயற்கை என்பதாலேயே தீங்கில்லை என்று நினைப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ஆய்வுத் தட்டில் பாக்டீரியா வளராமல் போனால் அது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். மருந்தாவதற்கு இன்னும் பல படிகள் ஏற வேண்டும்.

1951இல் பாகிஸ்தான் பிரதமர் லியாகத் அலி கானின் அழைப்பை ஏற்றுக் கராச்சி போனார் சித்திக்கி. அங்கே தேசிய ஆய்வு மன்றத்தைத் தொடக்கத்திலிருந்து கட்டி எழுப்பினார். 1961இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்.

1966இல் பணி ஓய்வு வந்தது. அவருக்கு அது இடமாற்றம் மட்டுமே. கராச்சிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முதுநிலை ஆய்வு நிலையம் ஒன்றை உருவாக்கினார். எண்பது வயதைத் தாண்டியும் இளம் ஆய்வாளர்களோடு சேர்ந்து வேப்பிலையிலும் காயிலும் புதிய சேர்மங்களைத் தேடிக் கட்டுரைகள் வெளியிட்டார். 1994 ஏப்ரல் 14ஆம் தேதி, 96ஆம் வயதில் கராச்சியில் காலமானார். வேம்பிலிருந்து புதிய சேர்மங்களைப் பிரிக்கும் வேலை அவரோடு நிற்கவில்லை.