பறவைகளின் வாழ்வை ஆய்ந்த அறிஞர் சலீம் அலி

இந்தியப் பறவையியலின் முன்னோடியான சலீம் அலி அவர்கள், 1896 ஆம் ஆண்டு நவம்பர் 12 ஆம் நாள் மும்பையில் சுலைமானி போரா முஸ்லிம் குடும்பமொன்றின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார்கள். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்து யத்தீமான அவர்களைத் தாய்மாமன் அமீருத்தீன் தய்யப்ஜியும் மாமி ஹமீதா பேகமும் வளர்த்து ஆளாக்கினார்கள்.

சிறுவராக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார்கள். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு ஒன்று இருந்தது. அது எந்த இனம் என்று அறியும் ஆவலில் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தை நாடிச் சென்றார்கள். அங்கே செயலாளராக இருந்த மில்லர்டு என்பவர் பறவையை இனங்காட்டியதோடு, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். அவர்களது வாழ்க்கைப் பாதை அன்றே திரும்பியது.

பர்மாவில் குடும்பத் தொழிலைச் சில காலம் கவனித்து, 1918 இல் தஹ்மீனா அம்மையாரை மணந்தார்கள். பின்னர் மும்பை அருங்காட்சியகத்தில் பணியாற்றி, ஜெர்மனியின் பெர்லின் நகரில் அறிஞர் ஸ்ட்ரெஸ்மனிடம் பயின்று 1930 இல் நாடு திரும்பினார்கள். வந்து பார்த்தால், நிதிப் பற்றாக்குறையால் அவர்களது பதவியே நீக்கப்பட்டிருந்தது. வேலையின்றி, மும்பைக்கு அருகிலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார்கள். அந்த வறுமைக் காலமே பெரும் பயனைத் தந்தது.

அவ்வூரில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. நம் திருத்தணி வட்டாரத்துக் கிணற்றோர மரங்களிலும் பனைகளிலும் நாம் காணும் அதே குருவிதான். சலீம் அலி அவர்கள் அவற்றை நாள்தோறும் பொறுமையாகக் கவனித்தார்கள். ஆண் குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்துகிறது. பெண் குருவி வந்து பார்வையிட்டு, பிடித்திருந்தால் மட்டுமே ஏற்கிறது. ஏற்றபின் ஆண் அதனை முடித்துக் கொடுத்துவிட்டு, மற்றொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது. நல்ல கூடு கட்டுவதில் ஆண்களுக்குள் போட்டி நிகழ்கிறது. நீரின் மேல் தொங்கும் கிளை, முள்மரம், நீண்ட குழாய் வாசல் ஆகிய அனைத்தும் பாம்பு, காகம் போன்ற பகைகளிடமிருந்து குஞ்சுகளைக் காக்கும் ஏற்பாடுகள். தானியத்தை உண்டு உழவருக்கு இழப்பைத் தரும் இப்பறவையே, தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளை ஊட்டி அவருக்கு உதவியும் செய்கிறது. இவ்வாய்வு 1931 இல் வெளிவந்து அவர்களுக்குப் புகழ் சேர்த்தது.

1939 இல் மனைவி மறைந்தார். அத்துயரையும் தாங்கிக்கொண்டு பணியைத் தொடர்ந்தார்கள். 1941 இல் இந்தியப் பறவைகள் பற்றிய நூலும், 1968 முதல் 1974 வரை அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகளும் வெளிவந்தன. தமக்குக் கிடைத்த 50,000 டாலர் கெட்டி பரிசை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்தார்கள். 1976 இல் பத்ம விபூஷண் விருது பெற்றார்கள். 1985 இல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார்கள்.

இராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு நிலத்தைப் பாதுகாக்கப் பெரிதும் பாடுபட்டவர்களும் அவர்களே. காப்பிடத்தில் கால்நடை மேய்ச்சல் கூடாது என்ற கருத்து அவர்களுக்கு இருந்தது. 1982 இல் அங்கு மேய்ச்சல் தடை செய்யப்பட்டபோது ஊர்மக்கள் எதிர்த்தனர். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. ஆனால் எருமைகள் வராத நீர்நிலையில் புல் அடர்ந்து மண்டி, நீர்ப்பறவைகளுக்கு இடம் குறைந்தது. மேய்ச்சல் அந்நிலத்துக்கு நன்மையே செய்தது என்று, அவர்கள் வாழ்நாளெல்லாம் உழைத்த அதே சங்கத்தின் நீண்டகால ஆய்வு பின்னர் கண்டறிந்தது. அதன் முடிவு முழுமையாக வெளிவருவதற்குள், 1987 இல் அவர்கள் மறைந்துவிட்டார்கள்.

கோவை ஆனைகட்டியில் அவர்கள் பெயரால் 1990 இல் அமைந்த பறவையியல் மையம் ஆய்வுப் பணியைத் தொடர்கிறது. பெரும் அறிஞரின் கருத்தையும் நேரில் கண்டு சோதிப்பதே அவர்கள் கிஹிமில் கைக்கொண்ட வழி. எருமையும் புல்லும் பறவையும் மனிதனும் ஒரே சங்கிலியின் கண்ணிகள்; ஒன்றை விலக்குமுன் மற்றவற்றையும் எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.