பிபா சௌத்ரி: தகட்டில் தடம் கண்ட பெண்

1913 இல் கல்கத்தாவில் பிறந்தவர் பிபா சௌத்ரி. 1936 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் முதுமாணிப் பட்டம் பெற்றபோது, அவ்வகுப்பில் அவர் ஒருவரே பெண்.

பெண்களுக்கேற்ற ஆய்வு தம்மிடமில்லையென முதலில் தயங்கிய பேராசிரியர் டி. எம். போஸ், அவரது விடாப்பிடியைக் கண்டு சேர்த்துக்கொண்டார். இருவரும் ஒளிப்படத் தகடுகளை டார்ஜிலிங், சந்தக்ஃபூ மலைகளில் மாதக்கணக்கில் வைத்தனர். விண்ணிலிருந்து வரும் துணிக்கை, தகட்டினூடு செல்கையில் வெள்ளி மணிகளை வரிசையாக விட்டுச்செல்லும்; அணுக்கருக்களால் சிதறுண்டு சற்றே திசைமாறும். மணிகளின் இடைவெளியையும் சிதறற் கோணத்தையும் நுணுக்குக்காட்டியில் அளந்து சேர்த்தால் திணிவு கிடைக்கும். எக்ஸ்-கதிர்ப் படத்தை ஒளியில் பிடித்து நோயறியும் எம்போன்ற வைத்தியர்களுக்கு இந்த வெள்ளி மணிகள் அந்நியமல்ல. இலத்திரனைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு திணிவு எனக் கண்டு, 'நேச்சர்' இதழில் எழுதினர்.

உலகப் போரினால் உயர்தரத் தகடுகள் கிடைக்கவில்லை, பணி தடைப்பட்டது. சிறந்த தகடுகளைக்கொண்டு 1947 இல் பயோனைக் கண்டறிந்த பவலுக்கு 1950 இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிபா ஓயவில்லை. மான்செஸ்டரில் பிளக்கெற்றின் ஆய்வுகூடத்தில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்ந்தார். 1949 இல் பம்பாய் டாட்டா ஆய்வு நிறுவனத்தின் முதற் பெண் ஆய்வாளரானார். கோலார் தங்கச் சுரங்க ஆய்வுகளிலும் பங்குகொண்டார். 1991 இல் மறைந்தார். 2019 இல் விண்மீன் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

பொருளாதாரத் தடைக்காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த எமக்கு, பொருளின்மையால் அறிவு தடைப்படுவதை எவரும் விளக்கவேண்டியதில்லை. எமது தங்கையரின் விஞ்ஞானகூடத்தில் குறையின்றிப் பார்ப்பது பழைய மாணவிகளாகிய எமது கடன்.