தஞ்சைச் சரபோஜி மன்னர்

தஞ்சை மாநகருக்குச் செல்வோர் பெரும்பாலும் பெருவுடையார் கோயிலைக் கண்டு வியந்து, அவ்வியப்பு ஆறுமுன்னரே புகைவண்டி ஏறிவிடுவர். சென்ற விடுமுறையில் யாமும் அவ்வாறே திரும்ப இருந்தோம். திடீரெனப் பெய்த மழை எம்மைச் சிவகங்கைக் குளத்தருகே உள்ள பழைய கிறிஸ்து ஆலயத்துள் ஒதுங்கச் செய்தது. ஆங்குச் சுவரில் வெண்சலவைக் கல்லிற் செதுக்கிய சிற்பம் ஒன்றைக் கண்டோம். படுக்கையில் ஒரு முதியவர் உயிர் பிரியுந் தறுவாயிற் கிடக்கின்றார். தலைப்பாகை அணிந்த அரசர் ஒருவர் குனிந்து அவர் கையைப் பற்றியிருக்கின்றார். முதியவர் சுவார்ட்ஸ் ஐயர், அரசர் சரபோஜி. இதனைச் செதுக்கியவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பி பிளாக்ஸ்மன். செய்வித்தவர் சரபோஜி மன்னரே. இந்து சமயத்தினின்று ஒருநாளும் வழுவாத மன்னர் ஒருவர், கிறிஸ்தவக் குருவுக்குக் கிறிஸ்தவ ஆலயத்தில் நினைவுச் சின்னம் நாட்டுவானேன்? மழை நின்ற பின்னரும் இவ்வினா எம்மை விட்டகலவில்லை.

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் போன்ஸ்லே மரபிற் பிறந்தவர். மக்களை இழந்த துளஜா மன்னர் 1787ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இவரைத் தத்துப் புதல்வராக ஏற்றபொழுது இவருக்கு வயது ஒன்பது. அவ்வாண்டே துளஜா மறைந்தார். இறக்குமுன் பிள்ளையைச் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்புவிக்க விரும்பினார் என்பர். எனினும் அரியணை துளஜாவின் தம்பி அமரசிங்கருக்கே சென்றது. பண்டிதர் சிலர் தத்துச் செல்லாது என்று தீர்ப்புங் கூறினர். அரண்மனைக்குள்ளேயே அடைபட்டுக் கல்வியும் வெளிச்சமும் இன்றி வாடிய சிறுவருக்காக, ஐயர் கும்பினி அரசினர்க்கு மடல்மேல் மடல் விடுத்தார். அதன் பயனாக 1793இல் சரபோஜி சென்னைக்கு அழைத்துச் செல்லப்பெற்றுக் கெரிக்கே ஐயரிடம் பயின்றார். தத்துச் செல்லும் என முடிவாகி, 1798 ஜூன் 29இல் முடி சூடினார். ஆயின் அவருக்காகப் போராடிய ஆசிரியர் அதற்கு நான்கு திங்கள் முன்னரே, பிப்பிரவரி 13இல், கண்மூடிவிட்டார்.

முடி சூடிய மறு ஆண்டே முடியின் பொருள் போயிற்று. 1799 அக்டோபர் 25இல் எழுந்த உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சி முழுதும் கும்பினியார் கைப்பட்டது. மன்னர்க்கு எஞ்சியவை கோட்டையும் அதன் சுற்றுப்புறமும், ஆண்டுக்கு ஓர் இலட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்குமே. அப்பொழுது அவருக்கு இருபத்திரண்டு வயது. எம் வகுப்பில் மூத்தாரிற் சிலருக்கும் அவ்வயதே! நாடில்லாத மன்னர் நகரவாசி ஒருவரேயன்றி வேறென்ன? இந்நிலையுற்ற அரசர் பலர் வேட்டையிலும் மதுவிலும் நாளைக் கழித்ததை வரலாறு காட்டும். சரபோஜியோ, தமக்கு விடப்பெற்ற அச்சிறு நகரையே ஒரு கல்விச்சாலை ஆக்கினார்.

முதற்கண் நோய் தீர்க்கும் துறையைக் கூறுவோம். அவர் நிறுவிய தன்வந்திரி மகாலில் சித்த வைத்தியர், ஆயுர்வேத பண்டிதர், யூனானி ஹகீம், ஐரோப்பிய டாக்டர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் இருந்து பணியாற்றினர். ஒரு முறையார் மற்றொரு முறையாரைப் பார்த்து முகஞ்சுளிக்கும் வழக்கத்தை நோக்க, இது சிறு செயலன்று. ஆங்கு மக்களுக்கேயன்றி விலங்குகட்கும் மருந்துகள் செய்யப்பெற்றன. கைகண்ட முறைகளைத் தமிழ்ச் செய்யுளாக்கித் தொகுத்தனர். அவை பிற்காலத்தே சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் அச்சேறின. கண்நோயாளரைக் குறித்த ஏடுகள் எம்மைப் பெரிதும் கவர்ந்தன. நோயுற்ற கண்ணை ஓவியர் வண்ணத்தில் தீட்ட, நோயின் வரலாறும் சிகிச்சையும் உடன் எழுதப்பெற்றன. ஓவியம் ஈண்டு அழகுக்கு மட்டும் உரியதன்று. வைத்தியனுக்குக் கண்ணாகவும் உதவியது. பறவைகளையும் செடிகொடிகளையும் அவ்வோவியர்களைக் கொண்டே அவர் எழுதுவித்தார்.

இனி இசை. முத்துசாமி தீட்சிதரிடம் பயின்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் உடன்பிறந்தார் நால்வர் இவர் அவையில் விளங்கினர். இன்று நாட்டிய அரங்கில் அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் வரிசை அவர்கள் வகுத்தது. அவருள் இளையவரான வடிவேலு வயலினைக் கருநாடக இசைக்குப் பழக்கியவருள் முன்னணியில் நின்றவர். அவையில் வீணையும் மிருதங்கமும் ஒலித்த அரண்மனையிலேயே ஐரோப்பிய வாத்தியக் குழுவும் முழங்கிற்று. மேனாட்டு முறையில் எழுதிய இசை ஏடுகள் நூலகத்தில் இன்றும் உள. மராத்தியில் நாட்டிய உருப்படிகள் இயற்றியவர் என்றும் மன்னரைப் போற்றுவர். அவர் பெயரால் வழங்கும் தேவேந்திரக் குறவஞ்சியிலோ குறத்தி கைபார்த்துக் குறி சொல்லவில்லை. பூகோளப் பாடம் நடத்துகின்றாள்! உலக நாடுகளின் பெயர்களை அவள் அடுக்குவதை எண்ணுங்கால் எமக்கு நகை தோன்றினும், பாட்டும் கூத்தும் அறிந்த மக்களுக்குப் புதுக்கல்வியை ஊட்ட இதனினும் எளிய வழி யாதென்றும் தோன்றியது.

ஈண்டு ஒரு செய்தியை விடுதல் கூடாது. சுவார்ட்ஸ் ஐயரிடம் சரபோஜியோடு பயின்றவர் மற்றொருவர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார். ஆசிரியர் ஒருவர், மாணவர் இருவர், சமயம் இரண்டு. சாஸ்திரியாரை மன்னர் தம் அவைப் புலவராக வைத்துப் போற்றினார். ஒருகால் கோயிலிறைவரைப் பாடுமாறு மன்னர் கேட்பச் சாஸ்திரியார் தம் ஆண்டவரையன்றிப் பிறரைப் பாடேன் என மறுத்தனர் என்றும், மன்னர் அதன்பொருட்டு நட்பை முறித்திலர் என்றும் வழிவழி வழங்கி வருகின்றது. சிவக்கொழுந்து தேசிகர் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி பெரிய கோயிலில் ஆடப்பெற்றது. யாம் கிறிஸ்தவர், சாஸ்திரியாரின் உறுதியைப் புகழ்ந்து கேட்டே வளர்ந்தோம். எனினும், மறுப்பவனுக்குத் துணிவு வேண்டுவது போன்றே, மறுக்கப்பட்டும் அன்பு குறையாதிருப்பதற்கும் ஒரு பெருமனம் வேண்டும் என்பதை யாம் இந்நாள்வரை எண்ணிப் பார்த்ததில்லை.

மன்னரின் அறச்செயல்களுள் சத்திரங்களைக் காத்தது தலைசிறந்தது. இராமேசுவரம் செல்லும் வழியில் முன்னோர் கட்டிய சத்திரங்களும் ஆட்சியோடு பறிபோகுமோ என அஞ்சி, 1801இல் கும்பினிப் பிரதிநிதிக்கு ஒரு நீண்ட கடிதம் வரைந்தார். எல்லாச் சாதியார்க்கும் ஆங்கு உணவு உண்டு. நோயுற்றார்க்கு மருந்து உண்டு. வழியிற் பிள்ளை பெறும் தாய்க்குப் பேணுதல் உண்டு. இறந்தார்க்கு அவரவர் முறைப்படி ஈமக்கடன் உண்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். நாட்டை இழந்தபொழுது இவ்வளவு மன்றாடினாரோ, யாம் அறியோம். சத்திரங்கள் அவர் கையிலேயே விடப்பெற்றன. ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரால் எழுந்த சத்திரத்தில் பள்ளியும் நடந்தது. கோட்டைக்குள் தேவநாகரி எழுத்துக்கள் கொண்ட அச்சுக்கூடம் அமைத்து, ஈசாப்பின் கதைகளை மராத்தியில் 1806இல் வெளியிட்டார்.

குறையே இல்லாதவர் என்று யாம் கூறப்புகவில்லை. மருது சகோதரர் தூக்கிலேறியது 1801இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகட்குப் பின் இவர், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாடிப் பட்டுக்கோட்டைக்கு அருகே கடலோரத்தில் மனோரா என்னும் எட்டு நிலைக் கோபுரத்தை எழுப்பினார். அதனைக் கட்டிய திறம் வியத்தற்குரியது; கட்டிய காரணம் எமக்கு உவப்பன்று. தம்மை அரியணை ஏற்றியவர்க்குக் காட்டிய நன்றி என்று சொல்வாரும் உளர். நன்றி எங்கே முடிந்து அடிமைத்தனம் எங்கே தொடங்குகின்றது என்பதை அந்நாளில் அவரும் எளிதிற் கண்டிருக்க இயலாது போலும்.

உடையிலும் அவர் தம் வழியே சென்றார். ஆங்கிலம் கற்றார், ஆங்கில நூல் வாங்கினார், ஆங்கில வாத்தியம் கேட்டார், தலைப்பாகையை விட்டாரிலர். அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கும் அவர்தம் சலவைக்கல் உருவம் முக்கோணத் தலையணியோடு கைகூப்பி நிற்கின்றது. செதுக்கும் முறை மேனாட்டது; கூப்பிய கைகள் நம் நாட்டன.

1820இல் காசி யாத்திரை புறப்பட்டார். மூவாயிரவர் உடன் சென்றனர். திரும்பும்பொழுது அவர் கொணர்ந்த செல்வம் சுவடிகளும், கங்கைக்கரைப் படித்துறைகளையும் கோயில்களையும் காட்டும் ஓவியங்களுமே.

1826 மார்ச்சுத் திங்கள் இறுதியில் ஹீபர் அத்தியட்சர் தஞ்சைக்கு வந்து மன்னரைச் சந்தித்தார். பருந்தின் பார்வையும் அடர்ந்த நரைமீசையும் உடைய அவர், ஆடம்பரமாக உடுத்திருந்தும் பிரெஞ்சுப் படைத்தலைவர் போன்று மிடுக்குடன் விளங்கினார் என்று அத்தியட்சர் எழுதி வைத்தார். லவாய்சியர், லின்னேயஸ், பூபான் ஆகியோரின் நூல்களைச் சரளமாக எடுத்துக்காட்டியதும், ஷேக்ஸ்பியரின் கவிநயத்தை நுட்பமாக மதிப்பிட்டதும், குதிரையை அறிந்து தேர்வதும், புலியை அஞ்சாது சுட்டு வீழ்த்துவதும் அவரை வியப்பில் ஆழ்த்தின. மன்னரின் ஒரே புதல்வர் சிவாஜி, பதினேழு வயதினர், மெலிந்து வெளிறியிருந்தார். அவரைத் தம்முடன் அழைத்துச் சென்று கற்பிக்க அத்தியட்சர் விழைந்தார். மன்னர் இசைந்தார், தாயார் இசையவில்லை. சில நாட்களில், ஏப்பிரல் 3ஆம் நாள், அத்தியட்சர் திருச்சிராப்பள்ளியில் நீராடுங்கால் உயிர் நீத்தார். தமக்குக் கிடைத்தது போன்ற ஆசிரியர் மகனுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அவ்வாறு மறைந்தது.

சரபோஜி 1832 மார்ச்சு 7இல் காலமானார். சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி 1855இல் இறக்கவே, எஞ்சியிருந்த கோட்டையையும் பட்டத்தையும் கும்பினியார் எடுத்துக்கொண்டனர். நூல்கள் மட்டும் பிழைத்தன. அரச குடும்பத்தார் தம் உரிமையை விட்டுக்கொடுத்தமையால், சரசுவதி மகால் 1918இல் பொதுமக்களுக்குரிய நூலகம் ஆயிற்று. மழை நின்றபின் யாம் சென்ற இடம் அதுவே. ஐரோப்பிய நூல்கள் பலவற்றில் மன்னர் தம் பெயரை ஆங்கிலத்தில் கைப்படப் பொறித்திருக்கின்றார். மை மங்கிப் பழுப்பேறியிருக்கின்றது. எழுத்தோ, ஆசிரியர் எதிரில் அமர்ந்து பழகிய மாணவன் எழுத்துப்போல் நிதானமாக இருக்கின்றது.