ஆறு புள்ளி தந்த லூயி பிரெய்ல்

இந்த மலருக்கு ஒரு பெரியவரோட வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னாங்க. நம்ம நாட்டுத் தலைவர்களைப் பத்தி மற்ற சகோதரிகள் எழுதுவாங்க. நான் லூயி பிரெய்லைப் பத்தி எழுதுகிறேன். காரணம் பின்னால் வரும்.

1809 ஜனவரி 4-ல் பிரான்ஸ் நாட்டில் கூப்வ்ரே என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா குதிரைக்குச் சேணம் தைப்பவர். 3 வயசில் அப்பாவோட பட்டறையில் விளையாடும்போது, தோலில் ஓட்டை போடும் கூர் ஊசி கண்ணில் குத்திவிட்டது. சீழ் பிடித்து மறு கண்ணுக்கும் பரவி, 5 வயசுக்குள் இரண்டு கண்ணும் போய்விட்டது. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டே வேலை பார்க்கிற நமக்கு இதைக் கேட்டாலே வயிறு கலங்கும். ஆனாலும் பெற்றவர்கள் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை, ஊர்ப் பள்ளிக்கே அனுப்பினார்கள்.

1819-ல் பாரிஸில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே சாதாரண எழுத்தையே புடைப்பாக அச்சடித்த புத்தகங்கள் இருந்தன. எழுத்தும் பெரிசு, புத்தகமும் கனம். ஒவ்வொரு எழுத்தா தடவித் தடவித்தான் படிக்கணும். படிக்கலாமே தவிர, பிள்ளைகளால் எழுத முடியாது. கண்ணுள்ளவர்கள் தங்கள் கண்ணுக்கு ஏத்த மாதிரி செய்த பொருள் அது. கோளாறே அதுதான் என்பது என் எண்ணம்.

ராணுவத்தில் இருந்த பார்பியே என்பவர் புள்ளிகளால் எழுதும் முறை ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் 12 புள்ளி வரை வரும், விரல்நுனிக்குள் அடங்காது. லூயி அதைப் பாதியாக்கி 6 ஆக்கினார். விரலை வைத்தாலே ஒரு எழுத்து தெரிந்துவிடும். ஆறையும் மாற்றி மாற்றிப் போட்டால் 63 வடிவம் கிடைக்கும். 1824-ல் இதை உருவாக்கியபோது அவருக்கு வயசு 15. எழுதுவதும் கூர் ஊசியால் குத்தித்தான். கண்ணைப் பறித்ததும் அதே மாதிரி ஒரு கருவிதான்!

அந்தப் பள்ளியிலேயே ஆசிரியரானார். நடுவில் வந்த நிர்வாகம் புள்ளி எழுத்தை ஒதுக்கியது. பிள்ளைகள் விடவில்லை, தங்களுக்குள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். காசநோயால் 1852-ல், 43 வயசில் இறந்தார். அரசு ஏற்றுக்கொண்டது 1854-ல்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

இன்றைக்குத் தமிழும் அந்த 6 புள்ளியில்தான். அ-வுக்கு ஒரே புள்ளி. எங்க குழுவில் ஒரு சகோதரி மகளுக்குப் பார்வை இல்லை. பாடத்தைக் கேட்டே படித்துவிடுவாள், அறிவியல் படம் வந்தால் தவிப்பாள். தாவர செல்லை அட்டையில் செய்தோம். செல்சுவருக்குச் சணல்கயிறு, உட்கருவுக்குப் புளியங்கொட்டை, பசுங்கணிகத்துக்குப் பச்சைப்பயறு. முந்திரி உடைத்து உடைத்து, கொட்டை எண்ணெய் பட்டு எங்க விரல்நுனியெல்லாம் காய்த்துக் கிடக்குது. அதனால் தடவிச் சரிபார்ப்பது அவள்தான். பயறு கொட்டையை ஒட்டி இருக்குன்னு தள்ளி வைக்கச் சொன்னாள். பாகங்களின் பெயரை அவளே புள்ளியில் குத்தி ஒட்டினாள். அடுத்தது பூவின் பாகங்கள் வேணுமாம். சூலகத்துக்கு எதை வைக்கலாம்னு பேசிக்கிட்டிருக்கோம்.