டி. ஆர். சுந்தரம்

டி. ஆர். சுந்தரம் (ஜூலை 16, 1907 – ஆகஸ்ட் 30, 1963) தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளரும் இயக்குநரும் ஆவார். சேலம் நகரில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்னும் படப்பிடிப்பு நிறுவனத்தைத் தோற்றுவித்து, தம் இறுதிக்காலம் வரை அதனை நடத்தினார். முதல் மலையாளப் பேசும்படமான பாலன், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் ஆகியன இவரது நிறுவனத்தின் தயாரிப்புகளாகும். தென்னிந்தியத் திரைப்படத்துறை சென்னையில் குவியத் தொடங்கிய காலத்தில், ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்தே நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளிவர வழிவகுத்தவர் என்பதே இவரது வாழ்வின் முதன்மையான சிறப்பு.

பிறப்பும் கல்வியும்

சுந்தரம் திருச்செங்கோட்டில் ஜவுளி வணிகத்தில் ஈடுபட்டிருந்த செல்வக் குடும்பத்தில் பிறந்தார். இவரது பெயரின் முதலெழுத்துகள் பிறந்த ஊரையும் தந்தை இராமலிங்கத்தின் பெயரையும் குறிப்பன. சென்னையில் பட்டம் பெற்றபின், குடும்பத் தொழிலுக்கு உதவும் பொருட்டு இங்கிலாந்து சென்று லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்றார். அங்கிருந்த காலத்தில் ஆங்கிலேயப் பெண்மணியான கிளாடிஸ் என்பவரை மணந்தார். படிப்பை முடித்துத் தாயகம் திரும்பியவரை ஈர்த்தது ஜவுளி அன்று. அப்போதுதான் பேசத் தொடங்கியிருந்த திரைப்படம்.

திரைத்துறை நுழைவு

தமிழின் முதல் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வெளியானது. அதற்குப் பிந்திய சில ஆண்டுகளில் தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவை பம்பாயிலும் கல்கத்தாவிலும் எடுக்கப்பட்டன. நடிகர்கள், பாடகர்கள், பக்கவாத்தியக்காரர்கள், சமையற்காரர்கள் என ஒரு குழு முழுவதையும் தொடர்வண்டியில் ஏற்றி வடக்கே அனுப்பி, மாதக்கணக்கில் தங்கவைக்க வேண்டியிருந்தது. அங்குள்ள தொழில்நுட்பக் கலைஞர்களுக்குத் தமிழ் தெரியாது. நடிகர்களுக்கு அவர்களது மொழி தெரியாது.

சுந்தரம் முதலில் சேலத்தைச் சேர்ந்த வேலாயுதம் பிள்ளையின் ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்தார். அந்நிறுவனம் திரௌபதி வஸ்திராபகரணம் (1934), நல்லதங்காள் (1935) உள்ளிட்ட படங்களைத் தயாரித்தது. செலவின் பெரும்பகுதி பயணத்திலும் தங்கலிலும் கரைவதை இக்காலத்தில் நேரில் கண்ட சுந்தரம், படப்பிடிப்புக்கான அனைத்தையும் தம் வட்டாரத்திலேயே அமைத்துக்கொள்ள முடிவுசெய்தார்.

மாடர்ன் தியேட்டர்ஸ்

1930களின் நடுப்பகுதியில் சேலத்தில், ஏற்காடு செல்லும் சாலையில், சேர்வராயன் மலையடிவாரத்தை ஒட்டி மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவப்பட்டது. அக்காலத்தில் சேலம் மாவட்டம் மிகப் பரந்தது. பென்னாகரம், ஏரியூர், கிருஷ்ணகிரி முதலிய பகுதிகள் யாவும் அதில் அடங்கியிருந்தன. தருமபுரி தனி மாவட்டமானது சுந்தரம் மறைந்த பிறகே, 1965இல். தெருக்கூத்து வேரூன்றிய இப்பகுதியின் மக்களுக்குத் திரைப்படம் டூரிங் டாக்கீசு வழியே அறிமுகமான நாட்களில், அப்படங்களில் ஒரு பகுதி அவர்களது மாவட்டத் தலைநகரிலேயே உருவாகிக்கொண்டிருந்தது.

நிறுவனத்தின் முதல் படம் சதி அகல்யா (1937). இலங்கையைச் சேர்ந்த கே. தவமணி தேவி இதில் கதாநாயகியாக அறிமுகமானார். அதற்கு அடுத்த ஆண்டே, எஸ். நொட்டாணி இயக்கத்தில், பாலன் (1938) வெளியானது. மலையாளம் பேசிய முதல் திரைப்படம் கேரளத்திற்கு வெளியே சேலத்தில் எடுக்கப்பட்டதற்குக் காரணம், தேவையான படப்பிடிப்புத் தளமும் ஒலிப்பதிவு வசதியும் பயிற்சிபெற்ற பணியாளர்களும் இங்கு ஆயத்தமாக இருந்தமையே. நிறுவனத்தின் தொடக்ககாலப் படங்களில் வெளிநாட்டுத் தொழில்நுட்பக் கலைஞர்களும் பணியாற்றினர். பாலன் படத்தின் ஒளிப்பதிவாளர் ஒரு ஜெர்மானியர்.

நிறுவனத்தை நடத்திய முறை

சுந்தரம் படப்பிடிப்புத் தளத்தை ஓர் ஆலையைப் போல நடத்தினார். எழுத்தாளர், இசையமைப்பாளர், தச்சர், ஒப்பனைக்காரர் எனப் பலரும் மாதச் சம்பளத்தில் நிலையாக அமர்த்தப்பட்டிருந்தனர். ஒரு படத்திற்காக எழுப்பப்பட்ட அரங்கின் பகுதிகளும் தைக்கப்பட்ட உடைகளும் மற்றொரு படத்திற்குப் பயன்படும். உரையாடல் முழுமையாக எழுதி முடிக்கப்பட்ட பின்னரே படப்பிடிப்பு தொடங்கும்.

காலந்தவறாமையில் அவர் காட்டிய கண்டிப்பு திரையுலகில் பெயர் பெற்றது. பெரிய நடிகர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. இதனால் அவர்மீது அச்சமும் சிலருக்கு மனத்தாங்கலும் இருந்ததுண்டு. எனினும் வெளியூர்க் கலைஞர்களைத் தங்கவைத்துக் குறித்த நாட்களுக்குள் படம் முடிக்க வேண்டிய சேலத்தில், ஒழுங்கே நிறுவனத்தின் முதலீடாக இருந்தது.

முக்கியத் திரைப்படங்கள்

1940இல் சுந்தரம் இயக்கிய உத்தமபுத்திரனில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடங்களில் நடித்தார். இதுவே தமிழின் முதல் இரட்டைவேடப் படமாகக் கருதப்படுகிறது. இதன் கதை, இரும்பு முகமூடியிட்டுச் சிறைவைக்கப்பட்ட அரசகுமாரனைப் பற்றிய பிரெஞ்சுப் புதினத்தைத் தழுவியது. கணினி வரைகலை இல்லாத அந்நாளில், ஒரே நடிகரை ஒரே காட்சியில் இருவராகக் காட்ட, படச்சட்டத்தின் ஒரு பாதியை மறைத்துப் படமெடுத்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியை மறுபடி பதிவுசெய்வது வழக்கம். நடிகர் கோட்டைச் சிறிது தாண்டினாலும் காட்சி முழுவதும் வீணாகும்.

சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் நாடகத்தைத் தழுவி 1942இல் மனோன்மணி வெளியானது. சின்னப்பாவும் டி. ஆர். ராஜகுமாரியும் நடித்த இப்படம் பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப்போரின்போது கச்சாப் படச்சுருள் தட்டுப்பாட்டால், கதைப்படங்களின் நீளம் 11,000 அடிக்குள் இருக்கவேண்டுமென அரசு வரையறுத்தது. போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்குமாறும் தயாரிப்பாளர்கள் வலியுறுத்தப்பட்டனர். இச்சூழலில் உருவானது பர்மா ராணி (1945). ஜப்பானியர் கைப்பற்றிய பர்மாவைக் களமாகக் கொண்ட இதை இயக்கிய சுந்தரம், ஜப்பானியப் படை அதிகாரியாகவும் நடித்தார்.

வடுவூர் துரைசாமி ஐயங்காரின் புதினத்தைத் தழுவிய திகம்பர சாமியார் (1950) படத்தில் எம். என். நம்பியார் பல மாறுவேடங்களில் தோன்றினார். பின்னாளில் வில்லனாகவே அறியப்பட்ட அவருக்கு இது கதாநாயக வேடமாகும். அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்பான தி ஜங்கிள் (1952) இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆங்கிலப் படம். ராட் கேமரூன், சீசர் ரொமெரோ ஆகிய ஹாலிவுட் நடிகர்கள் இதில் நடித்தனர்.

1956 பொங்கல் நாளில் வெளியான அலிபாபாவும் 40 திருடர்களும் கேவாகலர் முறையில் எடுக்கப்பட்டது. எம். ஜி. ஆரும் பி. பானுமதியும் நடித்த இதனைச் சுந்தரமே இயக்கினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் இயக்கிய கண்டம் பெச்ச கோட்டு (1961) மலையாளத்தின் முதல் வண்ணப்படம். இவ்வாறு மலையாளத் திரைப்படம் முதலில் பேசியதும், முதலில் வண்ணம் பெற்றதும் இந்நிறுவனத்தின் வழியேயாகும்.

எழுத்தாளர்களும் கலைஞர்களும்

மேடையிலும் இதழ்களிலும் வளர்ந்துவந்த புதிய தமிழ் உரைநடை திரைக்கு வந்த வழிகளுள் மாடர்ன் தியேட்டர்ஸ் ஒன்று. குண்டலகேசிக் கதையைத் தழுவி மு. கருணாநிதி எழுதிய நாடகமே மந்திரி குமாரி (1950) ஆயிற்று. இதை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் படம் முடியுமுன் அமெரிக்கா திரும்பியதால், எஞ்சிய பகுதியைச் சுந்தரம் இயக்கி முடித்தார். சிவாஜி கணேசன் நடித்த திரும்பிப்பார் (1953) படத்திற்கும் கருணாநிதி உரையாடல் எழுதினார்.

பாரதிதாசனின் எதிர்பாராத முத்தம் என்னும் காவியம் பொன்முடி (1950) என்ற பெயரில் படமானது. வளையாபதி (1952) படத்திற்கு அவரே உரையாடல் எழுதினார். கண்ணதாசன் நிறுவனத்தின் சார்பில் வெளிவந்த சண்டமாருதம் இதழில் ஆசிரியராகப் பணியாற்றியதோடு, இல்லற ஜோதி (1954) படத்திற்கு உரையாடலும் எழுதினார். பாடலாசிரியர் அ. மருதகாசி மாயாவதி (1949) வழியே திரைக்கு வந்தார். இசையமைப்பாளர் ஜி. ராமநாதன் இந்நிறுவனத்தின் பல படங்களுக்கு இசையமைத்தார். நகைச்சுவை நடிகையாக அறியப்பட்டிருந்த மனோரமா, கொஞ்சும் குமரி (1963) படத்தில் கதாநாயகியானார்.

பிற்காலத்தில் தமிழகத்தின் முதலமைச்சர்களான மு. கருணாநிதி, எம். ஜி. ஆர்., ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி (1947) படத்தில் நடித்த வி. என். ஜானகி ஆகிய மூவரும் சுந்தரத்தின் படங்களில் பணியாற்றியவர்கள்.

மறைவும் பின்னரும்

சுந்தரம் 1963 ஆகஸ்ட் 30 அன்று தமது 56ஆம் வயதில் காலமானார். அவருக்குப்பின் மகன் ராமசுந்தரம் நிறுவனத்தை நடத்தினார். ஜெய்சங்கர் நடித்த வல்லவன் ஒருவன் (1966), சி.ஐ.டி. சங்கர் (1970) போன்ற துப்பறியும் படங்கள் இக்காலத்தவை. ஆயினும் மாதச் சம்பளத்தில் கலைஞர்களை வைத்திருக்கும் முறை திரையுலகம் முழுவதிலுமே மறைந்துவந்தது. ஒரே நாளில் பல படங்களுக்கு நேரம் ஒதுக்கிய நட்சத்திரங்கள் சென்னையை விட்டு நீங்க விரும்பவில்லை. சுந்தரத்தின் காலத்தில் வலிமையாக இருந்த சேலத்தின் தனித்த இருப்பிடம் இப்போது சுமையாயிற்று. 1982ஆம் ஆண்டோடு நிறுவனத்தின் படத்தயாரிப்பு முடிவுக்கு வந்தது.

படப்பிடிப்புத் தளங்கள் இருந்த இடம் பின்னர் குடியிருப்புப் பகுதியாக மாறிவிட்டது. ஏற்காடு சாலையில் நிறுவனத்தின் பெயர் தாங்கிய முகப்பு வளைவு மட்டும் எஞ்சியுள்ளது. படங்களுள்ளும் இழந்தவை உண்டு. பாலன் படத்தின் பிரதி கிடைக்கவில்லை. பாட்டுப் புத்தகமும் சில நிழற்படங்களுமே மிஞ்சியுள்ளன. மந்திரி குமாரி, திகம்பர சாமியார், அலிபாபாவும் 40 திருடர்களும் முதலிய படங்களை இன்றும் காணமுடிகிறது.

இயக்கிய திரைப்படங்களுள் சில

உத்தமபுத்திரன் (1940)
மனோன்மணி (1942)
பர்மா ராணி (1945)
சுலோசனா (1946)
ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி (1947)
மாயாவதி (1949)
திகம்பர சாமியார் (1950)
மந்திரி குமாரி (1950, எல்லிஸ் ஆர். டங்கனுடன்)
சர்வாதிகாரி (1951)
திரும்பிப்பார் (1953)
அலிபாபாவும் 40 திருடர்களும் (1956)
கண்டம் பெச்ச கோட்டு (1961, மலையாளம்)