வள்ளல் மதுரைப் பிள்ளை

ஸ்ரீவில்லிபுத்தூரில் வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தார் நன்றியுடன் நினைந்து போற்றத்தக்க பெருமகனார் பி.எம்.மதுரைப் பிள்ளை ஆவார்.

1858ஆம் ஆண்டில் சென்னையில் ஒடுக்கப்பட்ட குலத்தில் தோன்றிய அவர், அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியாவோடு இணைந்திருந்த பர்மா நாட்டில் வாணிகம் நடத்தினார். இரங்கூன் துறைமுகத்தில் கப்பல் துபாஷியாக விளங்கிப் பெருஞ்செல்வம் ஈட்டினார். நம்மவர் பொதுத்தெருவில் நடக்கவும் தடை நிலவிய காலம் அது. அக்காலத்திலேயே அரசினர் அவருக்கு ராய்பகதூர் பட்டம் அளித்தனர்.

ஈட்டிய பொருளை அவர் பூட்டி வைத்தாரல்லர். இரங்கூனில் பள்ளி நிறுவினார். தமிழ்ப் புலவர்களைப் புரந்தார். 1913இல் மறைந்தார்.

எனினும் அவர் மரபு ஓயவில்லை. அவர்தம் பேத்தியார் அன்னை மீனாம்பாள் ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தில் முன்னின்று உழைத்தார். அவ்வம்மையாரின் கணவர் ந.சிவராஜ் 1945இல் சென்னை மாநகர மேயரானார்.

செல்வம் ஒரு தலைமுறையில் கரைந்துவிடலாம். கல்வி அவ்வாறு கரைவதில்லை. நம்மிடம் கப்பல் வாணிகம் இல்லை. மாத ஊதியம் உண்டு. சங்கத்தின் உதவியால் படித்துப் பணியில் அமர்ந்த இளைஞர் ஒவ்வொருவரும், பின்வரும் ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்பாராயின், அதுவே அவ்வள்ளலுக்கு நாம் எடுக்கும் உண்மையான விழாவாகும்.