தீரர் சத்தியமூர்த்தியும் கேள்வி நேரமும்

விடுதலைப் போர் என்றதும் சிறைச்சாலையும் தடியடியும் உப்புச் சத்தியாக்கிரகமுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. கையில் ஓர் அச்சிட்ட தாளை வைத்துக்கொண்டு சபையில் எழுந்து நின்று, இன்ன இலாகாவில் இன்ன காரியம் நடந்தது உண்மையா எனக் கேட்டுக் கேட்டே ஒரு பேரரசின் உத்தியோகத்தரை நிலைகுலையச் செய்த வீரரும் இருந்தனர் என்பதை நம்மிற் பலர் அறியோம். அத்தகையோருள் முதல்வர் தீரர் சத்தியமூர்த்தி. நமது மன்றத்து மூத்தோர் சிலருக்கு அன்னாரின் பெயர் காமராசரின் அரசியற் குரு என்ற அளவிலே தெரிந்திருக்கும். இளையோருக்கு அதுவுந் தெரியாது. ஆதலின் இவ்வாண்டு மலரில் அவர் வரலாற்றை, சிறப்பாக அவர் கேள்வி கேட்ட திறத்தை, நம் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் எழுத முற்பட்டோம்.

சத்தியமூர்த்தி 1887ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 19ஆந் தேதி, புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். அவரை இளமையிலேயே இழந்த சத்தியமூர்த்தி, குடும்பப் பொறுப்பும் படிப்புமாக வளர்ந்தார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும், சட்டக் கல்லூரியிலும் கற்று வழக்கறிஞரானார். கிறிஸ்தவக் கல்லூரி மிஷனரிமார் நடத்தியது. அங்கு படித்தமையால் அவருடைய சமயப் பற்றுக் குறைந்ததுமில்லை. ஆங்கிலம் படித்தமையால் வடமொழியும் தமிழும் மறந்ததுமில்லை. மிஷன் பள்ளியிற் படித்த நம்மை ஐயக்கண் கொண்டு நோக்கும் பெரியோர் சிலர் இதைக் கவனிப்பார்களாக!

1919ஆம் ஆண்டிலே காங்கிரஸ் மகாசபை இங்கிலாந்துக்கு அனுப்பிய தூதுக் குழுவில் அவரும் ஒருவராகச் சென்றார். மொண்டேகு - செம்ஸ்போர்டு சீர்திருத்தம் பற்றியும் ரௌலட் சட்டம் பற்றியும் இந்தியரின் கருத்தை எடுத்துரைப்பதே அக்குழுவின் நோக்கம். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பிரித்தானியப் பாராளுமன்றம் நடக்கும் முறையை நேரிற் காணும் வாய்ப்பு அவருக்கு அப்பயணத்திற் கிட்டியது.

அவர் திரும்பிவந்த சிறிது காலத்தில் காங்கிரசுக்குள் ஒரு பெரும் பிணக்கு மூண்டது. சட்டசபைகளைப் பகிஷ்கரிக்க வேண்டுமென்பது மகாத்மா காந்தியடிகளின் கட்டளை. அடிகள் சிறை சென்றபின், சித்தரஞ்சன் தாசும் மோதிலால் நேருவும் சுயராஜ்யக் கட்சியை நிறுவி, சபைக்குட் புகுந்தே அரசாங்கத்தை எதிர்ப்போம் என்றனர். இராஜாஜி முதலானோர் மாறாதார் பக்கம் நின்றனர். சத்தியமூர்த்தியோ சபைப் பிரவேசத்தையே வற்புறுத்தினார். பதவி மோகம் பிடித்தவர் என்றும், அரைத் தேசபக்தர் என்றும் அவரை ஏசினார்கள். அவர் மனம் மாறவில்லை. 1923ஆம் ஆண்டு சென்னைச் சட்டசபைக்குத் தெரிவானார்.

இவ்விடத்திற் கேள்வி கேட்கும் உரிமையின் கதையைச் சிறிது கூறுதல் வேண்டும். இங்கிலாந்திற் பிரபுக்கள் சபையில் 1721ஆம் ஆண்டு ஒரு பிரபு மந்திரியை நோக்கிக் கேட்டதே பதிவான முதற் கேள்வி என்பர். இந்தியாவில் 1892ஆம் ஆண்டுச் சட்டந்தான் சபை அங்கத்தவர்களுக்குக் கேள்வி கேட்க இடமளித்தது. ஆனால் அது ஊமைக் கேள்வி. விடை எதுவோ அதைப் பெற்றுக்கொண்டு அமர்ந்துவிட வேண்டியதுதான். 1909ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின் கேள்வி கேட்டவரே ஒரு துணைக் கேள்வியும் கேட்கலாம் என்றாயிற்று. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னர் எந்த அங்கத்தவரும் துணைக் கேள்வி கேட்கலாம் என்ற நிலை வந்தது. இந்தக் கடைசிப் படியிலேதான் சத்தியமூர்த்தி வந்து ஏறினார்.

கேள்விகள் இருவகை. நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்குச் சபையில் வாய்மொழியாக விடை தரவேண்டும். குறியில்லாத கேள்விக்கு எழுத்திலே விடை வரும். எவ்வகையாயினும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தல் வேண்டும். இலாகாக் காரியாலயத்தில் எழுதுவினைஞர் பைல்களைப் புரட்டி விடை தயாரிப்பார். மேலதிகாரி அதைச் சுருக்குவார். இன்னும் மேலே இருப்பவர் அதன் முனையை மழுக்குவார். ஈற்றில் மந்திரி வாசிப்பார். கேள்வியில் வாதம் இருக்கலாகாது, ஏளனம் இருக்கலாகாது, அபிப்பிராயம் கேட்கலாகாது. தகவல் மட்டுமே கேட்கலாம். அன்றியும், சில விடயங்கள் வாயிலே வைக்கக்கூடாதவை. பிறநாட்டு உறவு பற்றியும், சுதேச மன்னரின் ஆட்சி பற்றியும் கேட்கச் சபை விதிகள் இடங்கொடுக்கவில்லை. விந்தையைப் பாருங்கள்! அரசாங்கத்தின் எந்த இலாகாவையும் துருவித் துருவிக் கேட்ட சத்தியமூர்த்திக்கு, தாம் பிறந்த புதுக்கோட்டையின் ஆட்சியைப்பற்றி அச்சபையில் ஒரு கேள்வி கேட்கவும் வழியிருக்கவில்லை.

சென்னைச் சபையில் அவர் ஆற்றிய பணிகளுள் ஒன்றைத் தமிழர் எவரும் மறக்கலாகாது. 1928ஆம் ஆண்டு பர்மா அரசாங்கம் பாரதியாரின் பாடல்களைத் தடைசெய்ய, சென்னை அரசாங்கமும் அதனைப் பின்பற்றிற்று. போலீசார் நூற்பிரதிகளைக் கைப்பற்றினர். கவி இறந்து ஏழாண்டு சென்றபின் அவர் பாட்டைக் கண்டு அஞ்சினார்கள்! சத்தியமூர்த்தி இவ்விடயத்தைச் சபையிற் கிளப்பி, ஒத்திவைப்புப் பிரேரணை கொண்டுவந்து, அரசாங்கத்தாரைக் கேள்விக்கு மேற் கேள்வியால் திணறச் செய்தார். சபையின் பெரும்பான்மை அவர் பக்கம் நின்றது. அத்தடையும் நெடுநாள் நிலைக்கவில்லை. இன்று நமது பள்ளி விழாக்களிற் பாரதி பாடலைச் சிறுபிள்ளைகள் அச்சமின்றிப் பாடுவதற்குப் பின்னால் இப்படியொரு சபை விவாதமும் உண்டு.

1934ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் டில்லியிலுள்ள மத்திய சட்டசபைக்குச் சென்னை நகரின் பிரதிநிதியாகத் தெரிவானார். அங்கே புலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சியின் தலைவர், சத்தியமூர்த்தி உபதலைவர். சபைத் தலைவர் ஸேர் அப்துர் ரஹீம். எதிரே நிதி அங்கத்தவர் ஸேர் ஜேம்ஸ் கிறிக், உள்நாட்டு அங்கத்தவர் ஸேர் ஹென்றி கிறெய்க் முதலான அனுபவசாலிகள். இவர்கள் மக்கள் வாக்கினால் வந்த மந்திரிமாரல்லர். வைஸ்ராயின் நிர்வாக சபையினர். சபை அவர்களைத் தோற்கடித்தாலும் பதவியை விட்டு இறக்க இயலாது. 1935ஆம் ஆண்டிலே காங்கிரசும், ஜின்னாவைப் பின்பற்றிய சுயேச்சை அங்கத்தவரும் ஒன்றுசேர்ந்து பலமுறை அரசாங்கத்தைத் தோற்கடித்தனர். சபை தள்ளிய மசோதாவை வைஸ்ராய் தம் விசேட அதிகாரத்தால் சட்டமாக்கினார். அப்படியாயின் வாக்கினாற் பயன் என்ன? இங்கேதான் கேள்வி நேரத்தின் அருமை விளங்கும். வாக்கை வைஸ்ராய் தள்ளிவிடலாம். ஆனால் ஓர் அங்கத்தவர் கேட்ட கேள்வியும் அதற்கு உத்தியோகத்தர் தடுமாறிச் சொன்ன விடையும் மறுநாட் காலை நாடெங்கும் பத்திரிகைகளில் வந்துவிடும். அதை எந்த விசேட அதிகாரத்தாலும் திருப்பி எடுக்க முடியாது.

காலையில் சபை கூடியதும் முதற் காரியம் கேள்விகளே. அவ்வேளையில் சத்தியமூர்த்தி எழுந்தால் அரசாங்க ஆசனங்களிற் பரபரப்பு உண்டாகும் என்று அக்காலத்தவர் எழுதிவைத்துள்ளனர். தம் கேள்வி மட்டுமன்று, பிறர் கேட்ட கேள்விக்கும் அவர் துணைக் கேள்வி தொடுப்பார். சபை விதிகளில் அவருக்கிருந்த தேர்ச்சி பெரிது. அவருடைய முறையை நாம் விளங்கிக்கொள்ள நமது கரையோரத்திலிருந்தே ஒரு கற்பனை உதாரணம் காட்டுவோம். ஒரு கிராமத்துப் பாலம் உடைந்து கிடக்கிறது. சாதாரண அங்கத்தவர், பாலத்தைத் திருத்துவீர்களா என்பார். விடயம் கவனத்தில் உள்ளது என்று விடை வரும். அத்துடன் கதை முடிந்தது. கேட்கத் தெரிந்தவரோ அப்படிக் கேளார். பாலம் எந்தத் தேதியில் உடைந்தது? அறிக்கை கிடைத்த தேதி எது? மதிப்பீடு எவ்வளவு? எந்த ஆண்டுப் பணத்தில் ஒதுக்கப்பட்டது? ஒதுக்கிய பணம் செலவாயிற்றா, திரும்பிப் போயிற்றா? ஒவ்வொன்றும் சிறு கேள்வி; ஒவ்வொன்றுக்கும் தேதியோ தொகையோதான் விடை. மூன்றாவது கேள்வியில் உண்மை வெளிப்பட்டுவிடும். கோபம் வேண்டியதில்லை, அலங்காரப் பேச்சும் வேண்டியதில்லை. சத்தியமூர்த்திக்குப் பேச்சு வன்மையும் அளவிறந்து இருந்தது. ஆயினும் கேள்வி நேரத்தில் அதை உறையிலிட்டே வைத்திருந்தார் என்பதுதான் நம்மை வியக்க வைக்கிறது.

சுதந்திர இந்தியாவிலும் இம்மரபு மடியவில்லை. 1957ஆம் ஆண்டு லோக்சபையில் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் முந்திரா என்பவரின் கம்பெனிகளிற் பங்குகள் வாங்கியது பற்றி எழுந்த கேள்வியை பெரோஸ் காந்தி தொடர்ந்து துரத்தினார். அவர் பிரதமர் நேருவின் மருமகன். ஆளுங் கட்சியைச் சேர்ந்தவர். முதலில் வந்த விடையும் பின்னர் வந்த விடையும் பொருந்தவில்லை. விசாரணைக் குழு வந்தது. ஈற்றில் 1958 பெப்ரவரியில் நிதி மந்திரி டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

நமது நாட்டில் 1833 முதல் சட்ட நிரூபண சபையும், 1931 முதல் அரசாங்க சபையும், 1947 முதல் பாராளுமன்றமும் இருந்துவந்துள்ளன. கேள்வி முறையும் உண்டு. மும்மொழியில் ஹன்சாட்டும் உண்டு. விடைக்குக் கால அவகாசம் கோரும் மந்திரிமாருக்கும் குறைவில்லை! இப்பொழுது இன்னொரு வழியுந் திறந்திருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் பகிரங்க அதிகார சபையொன்றிடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுள் உத்தியோகத்தர் தீர்மானித்து அறிவிக்க வேண்டும். காரணம் ஏன் என்று கூறவேண்டியதுமில்லை. கோமாரியில் ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்தே எழுதலாம். பொத்துவிலிலும் கல்முனையிலும் வாழும் நம் முஸ்லிம் சகோதரருக்கும் நமக்கும் றோட்டும் குடிநீரும் ஆஸ்பத்திரியும் பொதுவாகையால், கேள்வியும் பொதுவாக இருக்கலாமன்றோ? நமது மன்றக் கூட்டங்களில் அரசாங்கத்தைப் பற்றிக் குறை சொல்லிக் கலைகிறோமே தவிர, தேதியும் தொகையும் கேட்டு ஒரு கடிதம் எழுத முன்வருவோர் சிலரே. வரும் ஆண்டு நிர்வாக சபை இதை யோசிக்க.

சத்தியமூர்த்தியிடம் நாம் ஏற்க முடியாதனவும் இருந்தன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அம்மையார் தேவதாசி முறையை ஒழிக்க முயன்றபொழுது, இவர் பழைய வழக்கத்தின் பக்கம் நின்று எதிர்த்தார். சங்கீதமும் நடனமும் அழிந்துவிடும் என்ற கவலை அவருக்கு இருந்திருக்கலாம். அவர் கலை இரசிகர். சுகுண விலாச சபை மேடையில் மனோகரன் வேடம் பூண்டு நடித்தவர். சங்கீத வித்வத் சபைக்கு ஆதரவளித்தவர். இருப்பினும் அவ்வழக்கில் நியாயம் அம்மையார் பக்கமே இருந்தது என்பது நம் துணிபு. எல்லோரையும் கேள்வி கேட்டவர், வழிவழி வந்த வழக்கத்தையும் ஒருமுறை கேட்டிருக்கலாம்.

1937ஆம் ஆண்டுத் தேர்தலிலே காங்கிரஸ் சென்னை மாகாணத்தில் பெருவெற்றி பெற்றது. அவ்வெற்றிக்காக ஊரூராய்ச் சென்று தொண்டை கட்டப் பேசியவர்களில் சத்தியமூர்த்தி முன்னணியில் நின்றார். தமக்குரியதாயிருந்த பல்கலைக்கழகத் தொகுதியை இராஜாஜிக்கு விட்டுக்கொடுத்தார். சபையைப் பகிஷ்கரிக்கச் சொன்ன இராஜாஜி பிரதம மந்திரியானார். சபைக்குட் போவோம் என்று பதினைந்தாண்டு வாதாடிய சத்தியமூர்த்திக்கு மந்திரி சபையில் இடமில்லை. அவருக்கு மனத்தாங்கல் இருந்திராது என்று நாம் பூசிமெழுக விரும்பவில்லை. ஆயினும் கட்சியை உடைக்கவில்லை. டில்லிக்குச் சென்று தம் கேள்விகளைத் தொடர்ந்தார். 1940ஆம் ஆண்டு தமிழ்நாட்டுக் காங்கிரஸ் தலைமைக்குத் தம் சீடர் காமராசரை நிறுத்தி, அவருக்குக் கீழ்த் தாம் செயலாளராக இருக்கவும் இசைந்தார். குருவானவர் சீடனுக்குக் கீழே அமர்ந்த காட்சியை அரசியலில் எளிதிற் காணமுடியாது.

1939ஆம் ஆண்டு சென்னை நகர மேயரானார். அதுவரை கேள்வி கேட்டவர் இப்பொழுது விடை சொல்லும் இடத்துக்கு வந்தார். நகர மக்கள் குடிநீரின்றி வாடிய காலம் அது. கொசஸ்தலை ஆற்றிற் பூண்டியில் ஒரு நீர்த்தேக்கம் அமைக்க அரசாங்கத்தை ஓயாது நெருக்கி இசைவித்தார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது.

தனிநபர் சத்தியாக்கிரகத்தில் அவ்வாண்டே சிறை சென்றார். 1942 ஆகஸ்டில் பம்பாய் மகாநாட்டிலிருந்து திரும்புகையில் மீண்டும் கைதாகி, தொலைவிலுள்ள அமராவதிச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். முன்பே நலிந்திருந்த உடல் அப்பயணத்தையுஞ் சிறையையுந் தாங்கவில்லை. நோய் முற்றிச் சென்னைப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டு, 1943ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆந் தேதி உயிர் நீத்தார். வயது 55. சுதந்திரம் வர நான்காண்டுகள் இருந்தன.

பூண்டி அணை மறு ஆண்டு, 1944இல், நிறைவெய்திற்று. பிற்காலத்தில் அதற்குச் சத்தியமூர்த்தி சாகரம் எனப் பெயரிட்டார்கள். சென்னை மக்கள் இன்றும் அந்நீரைக் குடிக்கிறார்கள்.